கதிர்வீச்சைத் தள்ளிப்போட்டு மரபணுக் கத்தரிக்குக் காத்திருக்கலாமா?

தாண்டிக்குடி மருமகள் · ஜனவரி 10, இரவு 9.50

நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். என் மாமியாருக்கு வயது 54. கருப்பை வாயில் புற்று என்று போன வாரம் மதுரையில் சொல்லிவிட்டார்கள். சதைப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்தது. சீட்டில் ‘2பி’ என்று எழுதியிருக்கிறது. கட்டி நான்கு சென்டிமீட்டர். இந்த நிலையில் அறுவை சிகிச்சை கிடையாதாம். ஐந்து வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு கீமோ, பிறகு உள்ளே வைக்கிற கரண்ட். 19ஆம் தேதி தொடக்கம்.

தீட்டு நின்று ஆறு வருடம் ஆனவருக்கு மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. எட்டு மாதமாக வாய் திறக்கவில்லை. பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு, எல்லோரும் படுத்த பிறகு பின்கட்டுத் தொட்டியில் அலசி, காப்பிச் செடிகளுக்கு நடுவே காயப்போட்டிருக்கிறார். மிளகுக் கொடி கட்டப் போன நான்தான் பார்த்தேன். செடிச் சிவப்போடு சிவப்பாகத் தெரியாது என்று நினைத்தாராம்.

இப்போது வீட்டில் வேறு சண்டை. பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் என் கொழுந்தனார், “கரண்ட் வைத்து அம்மாவைக் கருக்காதீர்கள்” என்கிறார். இந்தப் புற்றுக்குக் காரணமான வைரஸையே மரபணுக் கத்தரியால் வெட்டி எடுக்கிறார்களாம். எலிகள் நூற்றுக்கு நூறு பிழைத்த செய்தியை அனுப்பியிருக்கிறார். ஒரு பெருநகரத்து கிளினிக்கிலிருந்து அவரைப் பிடித்துவிட்டார்கள்: மூன்று ஊசி, 18 லட்சம். காட்டில் மேல்பாதியை விற்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தையடிப்பாதை · ஜனவரி 10, இரவு 10.15

புற்றுநோய் என்பதே மருந்து வியாபாரிகள் கட்டிய கதை. வேப்பங்கொழுந்தும் கருஞ்சீரகமும் அரைத்து 48 நாள் கொடுங்கள்.

நெறியாளர் · ஜனவரி 10, இரவு 10.40

மேலே உள்ள கருத்து, எப்படி எழுதக்கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டாக மட்டும் விடப்படுகிறது. தொடருங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி, ஒட்டன்சத்திரம் · ஜனவரி 11, காலை 6.05

அம்மா, முதலில் 19ஆம் தேதியை மாற்றாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

2பி என்றால் கட்டி கருப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குப் போயிருக்கிறது, ஆனால் இடுப்புச் சுவரைத் தொடவில்லை. குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் இந்த நிலையில் சிகிச்சை தருகிறார்கள். பாதிப் பேருக்கு மேல் ஐந்து ஆண்டு கடந்து நன்றாக இருக்கிறார்கள். கரண்டும் கீமோவும் சேர்த்துக் கொடுப்பது 1999இலிருந்து உலகம் முழுக்க வழக்கம். ஒரே நிபந்தனை, தொடங்கினால் உள்கதிர் உட்பட எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நடுவில் திருவிழா, கல்யாணம், காப்பி பறிப்பு என்று விட்டுவிட்டு வருகிறவர்களுக்குக் கட்டி திரும்பும் வாய்ப்பு அதிகம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவு அதிலேயே போகும். காட்டை விற்க வேண்டிய அவசியமே இல்லை.

மரபணு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எழுதட்டும்.

இளையவன் · ஜனவரி 11, காலை 11.30

மதினி, நீங்கள் இங்கே எழுதியதை அண்ணன் காட்டினார். கோபம் இல்லை. ஆனால் என்னை ஏமாளி என்று எல்லோரும் நினைப்பதற்கு முன் நானும் பேசிவிடுகிறேன்.

நான் படித்தது வாட்ஸ்அப் செய்தி அல்ல. ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு. கருப்பை வாய்ப் புற்றுக் கட்டி இருந்த எலிகளுக்குக் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரி மருந்தைக் கொழுப்புத் துகளில் அடைத்து ரத்தத்தில் செலுத்தினார்கள். கட்டி மறைந்தது, அத்தனை எலிகளும் பிழைத்தன. கிரிஸ்பருக்கு 2020இல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று. அறிவியலை நம்பச் சொல்கிறவர்கள், அறிவியல் வரும்போது மட்டும் ஏன் பயப்படுகிறீர்கள்? கரண்ட் வைத்தால் குடல் புண்ணாகும், சிறுநீர்ப்பை சுருங்கும் என்று மருத்துவரே சொல்கிறார். அம்மாவுக்கு அது வேண்டாம் என்று நினைப்பது தவறா?

ஆய்வக எலி · ஜனவரி 11, இரவு 8.20

கொடைக்கானலில் உயிர்த்தொழில்நுட்பம் பாடம் எடுக்கிறேன். இளையவன் சொன்ன ஆய்வு உண்மை, அவர் படித்ததும் சரி. அதில் என்ன எழுதியிருக்கவில்லை என்பதைப் பார்ப்போம்.

இந்தப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் மொத்த மரபணுத் தொகுப்பும் எட்டாயிரம் எழுத்துக்குள் அடங்கிவிடும். அதில் இரண்டு பகுதிகள்தான் வில்லன்கள்: இ6, இ7. நம் செல்லில் பி53 என்று ஒரு காவல்காரப் புரதம் உண்டு. செல் கெட்டுப்போனால் ‘நீ செத்துப்போ’ என்று உத்தரவிடுவது அதன் வேலை. இ6 அந்தக் காவல்காரனைச் சிதைத்துவிடும். செல் கண்டபடி பெருகாமல் பிடித்து நிறுத்தும் இன்னொரு புரதத்தை இ7 முடக்கிவிடும். இந்த வைரஸில் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள் மட்டுமே இந்தப் புற்றில் 70 சதவீதத்துக்குக் காரணம். எச்.பி.வி.தான் குற்றவாளி என்று கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் கிடைத்தது.

இதில் அழகான விஷயம் ஒன்று உண்டு. எத்தனை ஆண்டு ஆனாலும் அந்தப் புற்றுச் செல் இ6, இ7 இரண்டையும் நம்பித்தான் உயிர் வாழ்கிறது. 2014இல் டியூக் பல்கலைக்கழகத்தில், இந்த வைரஸ் பொதிந்த புற்றுச் செல்களில் கிரிஸ்பரால் அந்த இரண்டையும் வெட்டிப் பார்த்தார்கள். பி53 திரும்ப எழுந்தது, செல்கள் தாமாகவே மடிந்தன. அதில் ஒன்று, ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து 1951இல் எடுத்து இன்றுவரை ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கும் ஹீலா செல். அறுபது ஆண்டுக்கு மேல் சாகாத செல்லுக்கு, சாகும் வழி நினைவுக்கு வந்துவிட்டது. அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அது கண்ணாடித் தட்டு. தட்டில் உள்ள செல்கள் எல்லாம் மருந்தில் நனைகின்றன.

எலிக்கு வருவோம். எச்.பி.வி. எலியைத் தொற்றாது. எதிர்ப்பாற்றல் நீக்கிய எலியின் உடலில் மனிதப் புற்றுச் செல்லை வைத்து வளர்த்த சின்னக் கட்டி அது. அந்த எலியின் உடம்பு கத்தரிப் புரதத்தை எதிர்த்துச் சண்டை போடாது. நம் உடம்பு போடும். உங்கள் அம்மாவின் கட்டி நான்கு சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் கட்டியிலேயே பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி செல் வரை இருக்கும். நூறில் தொண்ணூற்றொன்பது செல்லுக்கு மருந்து போய்ச் சேர்ந்தாலும் மிச்சம் எவ்வளவு என்று கணினியில் வேலை செய்கிற நீங்களே போட்டுப் பாருங்கள்.

மலைவாழை · ஜனவரி 12, காலை 5.40

எனக்கு இந்தப் பேச்சு வேறு இடத்தில் போய் இடிக்கிறது. பண்ணைக்காட்டுக்குக் கீழே எங்கள் அப்பா காலத்தில் காடு முழுக்க விருப்பாட்சி வாழை. முடிக்கொத்து நோய் வந்து தாத்தா வைத்த வாழையெல்லாம் போயிற்று. இலை குத்துக்குத்தாகச் சுருங்கி மேலே கொத்தாக நிற்கும், தார் தள்ளாது. வைரஸ்தான், அசுவினிப் பூச்சி பரப்புகிறது என்றார்கள். மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டிப் புதைப்பதுதான் வழி. ஒரு பக்கக் கன்றை இரக்கப்பட்டு விட்டு வைத்தேன். அடுத்த வருடம் அந்த வரிசையே போயிற்று. ஒன்று மிஞ்சினாலும் போச்சு என்று ஐயா சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது.

என் கேள்வி: மனுஷனுக்குக் கத்தரி செய்கிறவர்கள் வாழைக்கு ஏன் செய்யவில்லை?

ஆய்வக எலி · ஜனவரி 12, காலை 9.10

ஐயா அல்ல, அம்மா. பரவாயில்லை.

வாழைக்குச் செய்திருக்கிறார்கள்! முடிக்கொத்துக்கு அல்ல, கீற்று வைரஸ் என்ற இன்னொன்றுக்கு. சில வாழைகளில் அந்த வைரஸ் வாழையின் மரபணுவுக்குள்ளேயே காலங்காலமாகப் படுத்துக் கிடக்கிறது. வறட்சி வந்து மரம் வாடினால் எழுந்து நோயாக வெளிவரும். 2019இல் நைரோபியில் உள்ள ஆய்வகம் ஒன்றில் கிரிஸ்பரால் அந்தத் தூங்கும் வைரஸை வாழைக்குள்ளேயே வெட்டிச் சிதைத்தார்கள். திருத்திய கன்றுகளைத் தண்ணீர் காட்டாமல் வாட்டிப் பார்த்தபோது, நான்கில் மூன்றுக்கு நோய் வரவில்லை.

எச்.பி.வி.யும் பல கட்டிகளில் இப்படித்தான் நம் டி.என்.ஏ.வுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் வாழையில் முடிந்தது மனிதரில் ஏன் முடியவில்லை? வாழையில் தட்டில் உள்ள செல்லைத் திருத்தி, அதிலிருந்து முழு மரத்தை வளர்க்கலாம். வேர் முதல் பூ வரை எல்லாச் செல்லும் திருத்திய செல்லாகவே இருக்கும். இளையவனின் அம்மாவைத் தட்டிலிருந்து வளர்க்க முடியாது. வளர்ந்து நிற்கிற மரத்தில், ஒவ்வொரு இலையாக ஏறிப்போய்த் திருத்த வேண்டும். இந்தத் துறையில் இன்றைய தலைவலி கத்தரி அல்ல, அதை ஒவ்வொரு செல்லுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரன்.

கூடலூர் மழை · ஜனவரி 12, பிற்பகல் 2.00

நீலகிரியிலிருந்து ஒரு குரல். பேச்சு ஒரேயடியாக ‘மரபணுத் திருத்தம் என்றால் பகல்கனவு’ என்ற பக்கம் சாய்வது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தியாவில் அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) முதன்முதலில் 1952இல் எங்கள் மலைப் பழங்குடிகளிடம்தான் கண்டறியப்பட்டது. வலி வந்து துடிக்கிற பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அந்த நோய்க்குக் கிரிஸ்பர் சிகிச்சையை அனுமதித்துவிட்டன. 2025 நவம்பரில் நம் நாட்டிலும் பிர்சா 101 என்ற பெயரில் சொந்தத் தயாரிப்பை அறிவித்தார்கள். ஆகவே கத்தரி பொய் அல்ல.

ஆய்வக எலி · ஜனவரி 12, மாலை 6.30

பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிகிச்சையில் தபால்காரனே தேவையில்லை: எலும்பு மஜ்ஜை செல்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, திரும்ப உள்ளே விடுகிறார்கள். எல்லாச் செல்லும் திருந்த வேண்டியதில்லை, போதுமான அளவு திருந்தினால் நோயாளி பிழைத்துக்கொள்வார். புற்றில் கணக்கு தலைகீழ்.

உடம்புக்குள்ளேயே தபால் சுலபமாகப் போகிற முகவரி ஒன்று உண்டு, ஈரல். கொழுப்புத் துகளை ரத்தத்தில் விட்டால் பெரும்பகுதி அங்கேதான் போய் இறங்குகிறது. அதனால்தான் ஹெபடைடிஸ் பி வைரஸ்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். அதுவும் புற்று உண்டாக்கும் வைரஸ்தான். ஈரல் செல்லின் கருவுக்குள் வளையமாகப் பதுங்கிக்கொண்டு மாத்திரைக்கு அகப்படாமல் கிடக்கும். அந்த வளையத்தையே வெட்டும் மருந்தை 2024 முதல் மனிதர்களிடம் சோதிக்கிறார்கள்.

எச்.பி.வி.க்கும் முயற்சி உண்டு. சீனாவில் 2017இல் ஓர் ஆய்வைப் பதிவு செய்தார்கள்: கத்தரிக்கான டி.என்.ஏ.வைக் களிம்பில் கலந்து கருப்பை வாயில் தடவுவது. அதுவும் வைரஸ் விடாமல் தங்கியிருப்பவர்களுக்கும் ஆரம்பக் கட்ட மாற்றம் உள்ளவர்களுக்கும்தானே தவிர, கட்டி வந்தவர்களுக்கு அல்ல. மேலே இருக்கும் மெல்லிய படலத்தைக் களிம்பு எட்டலாம். நான்கு சென்டிமீட்டருக்குள் எப்படி எட்டும்?

எச்.ஐ.வி. அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். வைரஸை வெட்டி எடுக்கும் கிரிஸ்பர் மருந்து ஒன்றைப் போட்டுக்கொண்டவர்களில் மூன்று பேர் தினசரி மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். 2024இல் முடிவு வந்தது. மருந்தால் பெரிய தீங்கில்லை. ஆனால் மூவருக்கும் வைரஸ் திரும்பிவிட்டது. மலைவாழை ஐயா விட்டுவைத்த அந்தப் பக்கக் கன்றுதான்.

இளையவன் · ஜனவரி 12, இரவு 11.45

சரி. அப்படியானால் அந்த கிளினிக் 18 லட்சத்துக்கு எதை ஊசியில் போடுகிறது?

கூடலூர் மழை · ஜனவரி 13, காலை 7.15

அமெரிக்காவில் அரிவாள் செல் கிரிஸ்பர் சிகிச்சையின் பட்டியல் விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடிக்கு மேல். உங்களுக்குச் சொன்ன விலை அதில் நூறில் ஒரு பங்கு! ஊசியில் என்ன இருக்கும் என்பதை விலையே சொல்லவில்லையா?

ஒன்று கேளுங்கள். ‘இது ஆய்வா, அனுமதி பெற்ற சிகிச்சையா?’ ஆய்வு என்றால் மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் எண் இருக்கும், அந்த எண்ணைத் தரட்டும். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. சிகிச்சை என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகத்தின் அனுமதிக் கடிதத்தைக் காட்டட்டும். கருப்பை வாய்ப் புற்றுக்கு அப்படி அனுமதி பெற்ற மரபணுத் திருத்த மருந்து உலகில் எங்கும் இல்லை.

ஓய்வுபெற்ற செவிலி, ஒட்டன்சத்திரம் · ஜனவரி 13, காலை 10.20

நான்கு நாளாகப் பெரிய பெரிய கத்தரிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த சின்னச் சாமானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

2000த்திலிருந்து 2003 வரை நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது, மலைக்குக் கீழே அம்பிளிக்கையை மையமாக வைத்து. முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்கள். நீர்த்த அசிட்டிக் அமிலம், சமையலறைக் காடி, அதாவது வினிகர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பஞ்சில் தொட்டுக் கருப்பை வாயில் வைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. கெட்டுப்போகத் தொடங்கிய இடம் மட்டும் வெள்ளையாகத் திட்டுக் கட்டும். செவிலியே கண்ணால் பார்க்கலாம், பார்த்த அன்றே அந்த இடத்தைக் குளிரால் உறைய வைத்து அழித்துவிடலாம். முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். நம் மாவட்டத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்போது நான் கிராம சுகாதார செவிலி. பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. டார்ச் வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் திட்டு எழும்புவதை முதல்முறை பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தோசைக்கல்லில் மாவு வெந்து நிறம் மாறுவதுபோல ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணுக்கு 38 வயது, ஒரு தொந்தரவும் இல்லாமல் வந்தவர். வரமாட்டேன் என்று என்னோடு சண்டை போட்டவரும் அவர்தான்.

மருமகள் அம்மா, உங்கள் பக்கம் முகாம் எதுவும் வந்ததில்லையா?

தாண்டிக்குடி மருமகள் · ஜனவரி 13, இரவு 9.00

வந்தது. 2018இல், குறிஞ்சி பூத்த வருடம். ரோடெல்லாம் சுற்றுலா வண்டி நிற்பதால் முகாம் வண்டி மேலே வரமுடியாமல் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். நான் கூப்பிட்டேன். “எனக்கென்ன கேடு, நீ போ” என்றார். நானும் போகவில்லை. அவர் வராமல் நான் மட்டும் எப்படிப் போவது என்று இருந்துவிட்டேன்.

இளையவன் · ஜனவரி 14, காலை 8.30

கிளினிக்கில் பதிவு எண் கேட்டேன். ‘ரகசியம்’ என்றார்கள். அனுமதிக் கடிதம் கேட்டேன். ‘முன்பணம் கட்டினால் காட்டுகிறோம்’ என்றார்கள். எண்ணைத் தடை செய்துவிட்டேன்.

ஆனாலும் ஆய்வக எலி அம்மாவிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கரண்ட் மட்டும் எல்லாச் செல்லையும் எட்டிவிடுகிறதா?

ஆய்வக எலி · ஜனவரி 14, காலை 11.00

பொங்கலுக்கு முந்தைய நாளும் இதைக் கேட்கிறீர்களே, நல்ல கேள்விதான்.

கதிர்வீச்சும் ஒரு கத்தரிதான். டி.என்.ஏ.வைத்தான் அதுவும் வெட்டுகிறது. எந்த எழுத்தில் வெட்டுவது என்று அதற்குத் தெரியாது, அதனால்தான் குடலும் சிறுநீர்ப்பையும் சேர்ந்து அவதிப்படுகின்றன. ஆனால் அதற்குத் தபால்காரன் வேண்டாம். குறித்த வட்டத்துக்குள் இருக்கிற எல்லாச் செல்லையும் ஊடுருவிப் போகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொல்லாது; தினம் ஒரு பங்கு. நல்ல செல் இரவோடு இரவாக முறிவை ஒட்டிக்கொள்ளும், கெட்டுப்போன செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. இருபத்தைந்து நாள் பிரித்துக் கொடுப்பது அதற்காகத்தான். கீமோ அந்த ஒட்டு வேலையைக் கெடுத்து, கதிருக்குத் துணை நிற்கிறது.

உங்கள் காலத்துக்குள் கிரிஸ்பர் களிம்பு வரலாம். எச்.பி.வி. தடுப்பூசி ஏற்கனவே ஒட்டிவிட்ட வைரஸை விரட்டாது. ஆகவே தடுப்பூசி கிடைக்காமல் வளர்ந்துவிட்ட தலைமுறைக்கு அது பெரிய வரமாக இருக்கும். நான் அதற்காகக் காத்திருக்கிறேன். என் உடம்பில் நான்கு சென்டிமீட்டர் கட்டி இல்லாததால் என்னால் காத்திருக்க முடிகிறது.

தாண்டிக்குடி மருமகள் · ஜனவரி 20, இரவு 10.10

நேற்றுத் தொடங்கிவிட்டது. வயிற்றிலும் இடுப்பிலும் மையால் கோடு போட்டிருக்கிறார்கள். அது அழியக்கூடாது என்றதால் அத்தை குளிக்கவே பயப்படுகிறார். கொழுந்தனார் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டு மதுரையில் ஆறு வாரத்துக்கு ஓர் அறை எடுத்திருக்கிறார்; சோறும் அவர்தான் வடிக்கிறார். முதல் நாள் இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்ததும் அத்தை கேட்டது, “அவ்வளவுதானா? ஒன்றும் தெரியவில்லையே. ஒழுங்காக வைத்தார்களா?”

நான் காப்பி பறிப்பை முடிக்க மேலே வந்துவிட்டேன். வருகிற வழியில் வத்தலக்குண்டில் இறங்கி அந்தக் காடிப் பரிசோதனையைச் செய்துகொண்டேன். ஒரு நிமிடம் என்றார்கள், எனக்கு ஒரு மணி நேரமாக இருந்தது. திட்டு எதுவும் இல்லை.

செவிலியம்மா, அவருக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்? மூன்றாவது வாரம் வயிறு போகும் என்று பயமுறுத்துகிறார்கள்.

ஓய்வுபெற்ற செவிலி, ஒட்டன்சத்திரம் · ஜனவரி 21, காலை 6.00

வயிறு போகத் தொடங்கினால் காரம், பச்சைக் காய், கீரை, பால் நிறுத்துங்கள். குழைந்த சாதம், மோர், இட்லி, உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நாள் கடத்த வேண்டாம். மைக்கோட்டின் மேல் சோப்பு மட்டும் தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றலாம்.

மலைவாழை · ஜனவரி 21, காலை 6.20

மலைப்பழம் ஆகுமா? இந்த வருடம் மூன்று தார் நன்றாக வந்திருக்கிறது. மதுரை போகிற வண்டியில் போட்டுவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி, ஒட்டன்சத்திரம் · ஜனவரி 21, காலை 6.35

ஆகும். தோல் சுருங்கப் பழுத்ததாகப் பார்த்து, ஒரு சீப்பு அனுப்புங்கள். தாரோடு அனுப்பாதீர்கள், அறை சின்னது.